ரியாக்ட் முதலா, ஜாவாஸ்கிரிப்ட் முதலா? வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பங்கு ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: வெப் அப்ளிகேஷன் செய்யப் பழகுவது எப்படி, எந்தப் பிரேம்வர்க்கில் (ரியாக்ட், ஆங்குலர், வியூ போன்ற ஆயத்தச் சட்டகத்தில்) தொடங்குவது. தலவாக்கலை தொடக்கம் பதுளை வரை இத்தனை பேர் இதைக் கேட்பது எனக்கு மனம் நிறைந்த விஷயம். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

உயர்தரம் தொழில்நுட்பப் பிரிவு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறேன். சொந்தக்கார அக்கா ரியாக்ட் படி என்கிறார், யூடியூப்பில் ஒருவர் ஆங்குலர் என்கிறார், இன்னொருவர் வியூதான் லேசு என்கிறார். எதை எடுக்கட்டும் அண்ணா?
– ஒரு தங்கச்சி, தலவாக்கலை

மூன்றையும் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வையுங்கள், தங்கச்சி. எது நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால் இவை எதற்காக வந்தன என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் எதை எடுத்தாலும் சமாளித்துவிடுவீர்கள், தெரியாமல் இறங்கினால் வீடியோவில் ஒருவர் தட்டுவதைப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருப்பீர்கள், வீடியோ முடிந்ததும் கையும் நின்றுவிடும்.

அதற்காக ஒரு சின்ன வேலை தருகிறேன். கொழுந்தெடுக்கப் போகிற ஒருவரை உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அவருக்காக ஒரே ஒரு பக்கம் செய்யுங்கள். காலை, பகல், அந்தி என்று மடுவத்தில் மூன்று தரம் நிறுக்கிற கிலோவைப் போட மூன்று பெட்டி, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிற கிலோவுக்கு இன்னொரு பெட்டி. கீழே அன்றைய மொத்தம், அன்று முழுப்பேரா அரைப்பேரா (முழு நாள் சம்பளமா அரை நாள் சம்பளமா) என்ற விவரம், அதற்கும் கீழே மாதக் கணக்கு. ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், ஆகவே அதைக் கோடுக்குள் (நிரலுக்குள்) எழுதிவிடாமல் மாற்றக்கூடிய மாதிரி ஒரு பெட்டியாகவே வையுங்கள். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அவர் கையில் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கும். இதற்குப் பிரேம்வர்க் எதுவும் வேண்டாம், பக்கத்தின் அமைப்பைச் சொல்கிற ஒரு எச்.டி.எம்.எல். கோப்பும் அதை இயங்கவைக்கிற கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்டும் போதும்.

தொடங்கியவுடனேயே ஒரு விநோதம் காண்பீர்கள். காலை 12, பகல் 8 என்று போட்டுக் கூட்டினால் விடை 128 என்று வரும். பயப்பட வேண்டாம். பெட்டிக்குள் தட்டுகிற எதையும் பிரவுசர் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும், இரண்டு எழுத்துச் சரங்களுக்கு நடுவில் + போட்டால் ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றின் பின்னால் மற்றதை ஒட்டிவிடும். ‘நம்பர்’ என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு எண்ணாக மாற்றினால் 20 வரும். ரியாக்டிலும் இந்த 128 வரத்தான் செய்யும், ஆனால் ரியாக்டில் தொடங்கிய பிள்ளை இது ரியாக்டின் பிழையா, தன் பிழையா, மொழியின் குணமா என்று பிரித்தறிய முடியாமல் ராத்திரி முழுக்கத் தேடிக்கொண்டிருக்கும்.

அடுத்து வருவதுதான் உண்மையான தலையிடி. பகல் நிறுவையை 8 இலிருந்து 9 ஆகத் திருத்துகிறார் என்று வையுங்கள். அந்த ஒரு எண் மாறினால் அன்றைய மொத்தம் மாற வேண்டும், அரைப்பேர் முழுப்பேர் ஆனதா என்று பார்க்க வேண்டும், மாத மொத்தம் மாற வேண்டும், மேலே பட்டியலில் அந்த நாளுக்கான வரியும் மாற வேண்டும். நான்கு இடத்தையும் தேடிப்போய் மாற்றுகிற நிரலை நீங்கள்தான் எழுத வேண்டும். மூன்றை மாற்றிவிட்டு நாலாவதை மறந்துவிட்டால் பட்டியலில் ஒரு கணக்கு, கீழே வேறு கணக்கு என்று நிற்கும், அதைப் பார்க்கிறவர் எதை நம்புவார்? பெட்டி கூடக் கூட மறக்கிற இடமும் கூடும். பேஸ்புக் 2013 இல் ரியாக்டை வெளியிட்டது, எவன் யூ 2014 இல் வியூவை வெளியிட்டார், கூகுள் 2010 இல் விட்ட பழைய ஆங்குலரைத் தூக்கிப்போட்டு 2016 இல் புதிதாக எழுதியது, எல்லாமே இந்த ஒரே தலையிடிக்கு மருந்து தேடித்தான். மூன்றும் சொல்கிற தீர்வும் ஏறக்குறைய ஒன்று: தரவை ஒரே இடத்தில் வை, திரை எப்படி இருக்க வேண்டும் என்று அந்தத் தரவை வைத்துச் சொல்லிவிடு, தரவு மாறினால் திரையை மாற்றுவது என் பொறுப்பு.

வித்தியாசம் எங்கே என்றால், தரவு மாறியதை ஒவ்வொன்றும் கண்டுபிடிக்கிற விதத்தில். ரியாக்டில், இருக்கிற பட்டியலுக்குள்ளேயே புதிய நிறுவையைத் தள்ளிவிட்டு அதே பட்டியலைத் திருப்பிக் கொடுத்தால் திரையில் ஒன்றும் நடக்காது. பழைய பட்டியலும் புதியதும் ஒரே பொருளா என்று மட்டும்தான் அது பார்க்கும், ஒரே பொருள் என்றால் மாற்றமில்லை என்று விட்டுவிடும். பழையதைப் பிரதி எடுத்து, புதியதைச் சேர்த்து, புதுப் பட்டியலாகக் கொடுக்க வேண்டும். வியூ அப்படியில்லை, பட்டியலைச் சுற்றி ஒரு காவல் போட்டு வைத்திருப்பதால் உள்ளே தள்ளினாலே தெரிந்துகொள்ளும். புதிதாக வருகிறவருக்கு வியூ லேசு என்று சொல்வதில் பாதி உண்மை இங்கே இருக்கிறது.

என் சிபாரிசு கேட்டீர்கள் அல்லவா? இந்தக் கொழுந்துக் கணக்கை வெறும் ஜாவாஸ்கிரிப்டில் முடியுங்கள், ஓடுகிற மாதிரி முடியுங்கள். அப்புறம் அதே கணக்கை ரியாக்டில் திரும்ப எழுதுங்கள். வேலை விளம்பரங்களில் அதிகம் கண்ணில் படுகிற பெயர் ரியாக்ட்தான், அதற்காகத்தான் சொல்கிறேன். ஆங்குலர் பெரிய நிறுவனங்களின் உள்வேலைகளில் நிறைய ஓடுகிறது, ஆனால் டைப்ஸ்கிரிப்ட் என்ற விரிவுபடுத்திய ஜாவாஸ்கிரிப்டும் ஆங்குலரின் சொந்த ஒழுங்குகளும் சேர்ந்து ஒரேயடியாக வந்து விழும், முதல் படியாக எடுக்க வேண்டாம். இன்னொன்று: பழைய வீடியோக்களில் ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ என்ற கருவியில் தொடங்குவார்கள், அதை ரியாக்ட் குழுவே 2025 இல் கைவிட்டுவிட்டது, இப்போது வீட் என்ற கருவியில் தொடங்குங்கள்.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. வீட்டில் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு. டேட்டாவும் பார்த்துப் பார்த்துத்தான் போடுகிறோம். நான் இதற்கெல்லாம் ஆசைப்படலாமா?
– ஒரு தம்பி, மஸ்கெலியா

தாராளமாக ஆசைப்படுங்கள் தம்பி, ஆனால் எந்த இடம் வரைக்கும் போனில் போகலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எச்.டி.எம்.எல்., பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற சி.எஸ்.எஸ்., அடிப்படை ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் போனிலேயே பழகலாம். அண்ட்ராய்டில் கோட் எழுதுகிற எடிட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, கோப்பைச் சேமித்து பிரவுசரில் திறந்தால் பக்கம் வந்துவிடும், இதற்கு சிக்னலே தேவையில்லை. மேலே தங்கச்சிக்குச் சொன்ன கணக்கை நீங்கள் போனில் முழுசாகவே செய்து முடிக்கலாம்.

பிரேம்வர்க் என்று வரும்போது கணினி வேண்டும். புதியது வேண்டாம், 8 ஜி.பி. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள பழைய லெப்டொப் ஒன்று போதும். அதுவரைக்கும் பாடசாலை ஆய்வுகூடம், பக்கத்து டவுன் நூலகம், நெனசல நிலையம் என்று எங்கே ஒரு கணினி கிடைக்குமோ அங்கே போய்க் கேளுங்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம்.

டேட்டா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ரியாக்ட் புரொஜெக்ட் ஒன்றைத் தொடங்கினால் அது தனக்கு வேண்டிய சின்னச் சின்ன லைப்ரரிகளையெல்லாம் (மற்றவர்கள் எழுதிவைத்த ஆயத்தக் கோட் தொகுப்புகளை) இழுத்து ‘நோட் மொடியூல்ஸ்’ என்ற ஃபோல்டரில் கொட்டும், நீங்கள் எழுதியது பத்து வரியாக இருந்தாலும் அந்த ஃபோல்டர் நூறு எம்.பி.யைத் தாண்டுவது சாதாரணம். ஒவ்வொரு புரொஜெக்ட்டுக்கும் இப்படித் திரும்பத் திரும்ப இழுக்காமல் இருக்க பி.என்.பி.எம். என்ற கருவியைப் பாவியுங்கள், ஒரு தரம் இறக்கியதை வைத்துக்கொண்டு எல்லாப் புரொஜெக்ட்டுக்கும் அதையே கொடுக்கும். இல்லாவிட்டால் வியூவை எடுங்கள், அதை ஒரே ஒரு ஸ்கிரிப்ட் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு எதையும் நிறுவாமலேயே பழகலாம். உங்களுடைய நிலைமைக்கு நான் வியூவைத்தான் சொல்வேன். வாசிப்பதற்கு டெவ்டொக்ஸ் என்ற தளம் இருக்கிறது, டவுனில் வைஃபை கிடைக்கிற இடத்தில் வேண்டிய பகுதிகளை இறக்கிக்கொண்டால் வீட்டில் இணையம் இல்லாமலே வாசிக்கலாம். வீடியோதான் டேட்டாவைக் குடிக்கும். அதற்குப் பதில் எழுத்தில் உள்ள பாடங்களுக்குப் பழகுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது ஆறுதலுக்காகச் சொல்வது அல்ல. சிக்னல் போய்ப் போய் வருகிற இடத்தில் வாழ்கிறவருக்குத்தான் அப்படிப்பட்ட இடத்தில் ஓடுகிற அப்ளிகேஷன் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். கொழும்பில் வேகமான இணையத்தில் உட்கார்ந்து செய்கிற பலருக்கு அது நினைவிலேயே வராது. சேர்விஸ் வேர்க்கர் என்றொரு வசதி பிரவுசரிலேயே இருக்கிறது. பக்கத்தை ஒரு தரம் திறந்துவிட்டால் அடுத்த தரம் சிக்னல் இல்லாமலே திறக்கிற மாதிரி அதை வைத்துச் செய்யலாம். தட்டிய கணக்கை இன்டெக்ஸ்ட் டி.பி. என்ற பிரவுசரின் தரவுக் களஞ்சியத்தில் போனுக்குள்ளேயே சேமித்து, சிக்னல் வந்தபின் அனுப்பலாம். சின்ன அளவுக்கு லோக்கல் ஸ்டோரேஜ் என்ற எளிய சேமிப்பிடம் போதும், 5 எம்.பி. மட்டில்தான் கொள்ளும், அதுவும் எல்லாவற்றையும் எழுத்தாகத்தான் வைக்கும், ஆகவே திருப்பி எடுக்கும்போது பழைய 128 கதை மறுபடி வரும், கவனம். மடுவத்தில் நின்று கிலோவைத் தட்டுகிற நேரத்தில் பக்கம் சுற்றிக்கொண்டே நின்றால் யாரும் இரண்டாம் நாள் அதைத் தொட மாட்டார்கள். இந்த ஒன்றை நன்றாகச் செய்யப் பழகினீர்கள் என்றால் நேர்முகப் பரீட்சையில் பேசுவதற்கு உங்களிடம் சொந்தமாக ஒரு விஷயம் இருக்கும்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஆசையாகப் பிளாஷும் ஆக்‌ஷன்ஸ்கிரிப்டும் படித்தேன். எல்லாம் வீணாய்ப் போனது. இப்போது பிள்ளைகளுக்கு ரியாக்ட் சொல்லிக்கொடுத்தால் அதுவும் இப்படித்தானே போகும்?
– ஓர் ஆசிரியர், பண்டாரவளை

சேர், உங்கள் மனவருத்தம் எனக்கு விளங்குகிறது. அந்தக் காலத்தில் பிரவுசருக்குள் அசைகிற, இழுக்கிற, உடனுக்குடன் மாறுகிற எதையும் செய்ய பிளாஷ், பிளெக்ஸ், சில்வர்லைட் என்று வெளியிலிருந்து ஒட்டவேண்டியிருந்தது. ஐபோனுக்குள் பிளாஷ் வரவே விடவில்லை. அடோபி பிளாஷை 2020 டிசம்பர் 31 உடன் நிறுத்தியது, மைக்ரோசொஃப்ட் சில்வர்லைட்டை 2021 ஒக்டோபரில் நிறுத்தியது. பழைய ஆங்குலர்கூட 2021 முடிவோடு ஓய்ந்துவிட்டது. ஆகவே ரியாக்டும் ஒரு நாள் போகுமா என்றால், போகலாம்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. பிளாஷ் பிரவுசருக்கு வெளியே ஒரு கம்பனியின் கையில் இருந்த தனிப்பெட்டி, அந்தக் கம்பனி பூட்டியதும் உள்ளே இருந்தது எல்லாம் போனது. ரியாக்டும் வியூவும் பிரவுசர் ஏற்கனவே பேசுகிற ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டவை, மூலக்கோடும் திறந்தே இருக்கிறது. 1995 இல் பிரெண்டன் ஐக் எழுதிய அந்த மொழி முப்பது வருடமாக நிற்கிறது, அன்று எழுதிய சின்னப் பக்கங்கள் இன்றும் திறக்கும். அப்புறம் உங்கள் படிப்பு வீணாகவில்லை சேர், ஆக்‌ஷன்ஸ்கிரிப்டும் ஜாவாஸ்கிரிப்டும் ஈ.சி.எம்.ஏ.ஸ்கிரிப்ட் என்ற ஒரே மொழித் தரத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஒரு வார விடுமுறையில் உட்கார்ந்து பாருங்கள், பாதிக்கு மேல் உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும். பிள்ளைகளுக்கு நேரத்தில் பெரும்பகுதியை எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்டுக்கும், பிரவுசரும் சேர்வரும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதற்கும் கொடுங்கள், பிரேம்வர்க்கைக் கடைசித் தவணைக்கு வையுங்கள்.

அப்பாவின் மரக்கறி லொறிக் கணக்கை ரியாக்டில் செய்து வைத்தேன். விடியப்புறம் லொறி ஏற்றும்போது போடுகிற லோடெல்லாம் முதல் நாள் திகதியில் விழுகிறது, பகலில் போட்டால் சரியாக இருக்கிறது. ரியாக்டை விட்டுவிட்டு வியூவுக்கு மாறினால் சரிவருமா?
– கந்தப்பளை வாசகர்

முதலில் ஒரு சபாஷ், அப்பாவின் கொப்பியைத் திரைக்குக் கொண்டுவந்ததற்கு. மாற வேண்டாம், மாறினாலும் பிழை கூடவே வரும். திகதியை எடுக்க ‘டூ ஐ.எஸ்.ஓ. ஸ்ட்ரிங்’ என்பதைப் பாவித்து முதல் பத்து எழுத்தை வெட்டியிருப்பீர்கள், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அது தருவது நம் நேரம் அல்ல, உலகப் பொது நேரம். நாம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறோம். ஆகவே நம் ஊரில் நள்ளிரவு 12 இலிருந்து காலை 5.30 வரைக்கும் அதன் கணக்கில் இன்னும் நேற்றுத்தான். பகலில் சோதித்துப் பார்த்தால் இது கண்ணிலேயே படாது. மாதத்தின் முதலாம் திகதி விடியப்புறம் ஏற்றிய லோட் போன மாதக் கணக்கில் சேர்ந்திருக்கும், அதையும் ஒரு தரம் பார்த்துத் திருத்திவிடுங்கள்.

வருடம், மாதம், நாள் மூன்றையும் போனின் நேரத்திலிருந்து தனித்தனியாக எடுத்துச் சேர்த்தால் சரியாகிவிடும். மாதத்தை மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் பூச்சியத்திலிருந்து எண்ணும், ஒன்று கூட்டுங்கள். இல்லாவிட்டால் ‘இன்ட்ல் டேட்டைம்ஃபோர்மட்’ இல் நேர வலயத்தை ஏசியா கொழும்பு என்று கொடுங்கள். ஐந்தரை மணித்தியாலத்தை நீங்களே கோடில் கூட்டிவிட வேண்டாம். நம் நாட்டு நேரத்தை 1996 இல் இரண்டு தரம் மாற்றி 2006 இல்தான் பழையபடி ஆக்கினார்கள், அப்பாவின் பழைய கொப்பிகளையும் என்றைக்காவது ஏற்ற நினைத்தால் அந்தக் கணக்கெல்லாம் ஏசியா கொழும்புக்குத் தெரியும், நீங்கள் கூட்டிய ஐந்தரைக்குத் தெரியாது.

வகுப்புக்குக் கேட்கிற காசு வீட்டில் தாங்காது. சான்றிதழ் இல்லாமல் வேலை கிடைக்குமா? இங்கிலிஷும் எனக்கு அவ்வளவு வராது.
– ஒரு வாசகி, ஹட்டன்

கடன்பட்டு வகுப்புக்குப் போகாதீர்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையவழியில் இலவசமாகவே ஃபுல் ஸ்டாக் டெவலப்பர் (திரைப் பக்கம், சேர்வர் பக்கம் இரண்டையும் செய்கிறவர்) பயிற்சி நடத்துகிறது, முடித்தால் சான்றிதழும் உண்டு, முதலில் அதைப் பாருங்கள். ஃப்ரீகோட்கேம்ப் முழுக்க இலவசம், வாசித்து வாசித்துச் செய்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். பட்டம் வேண்டுமென்றால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் இருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். சான்றிதழ் கதவைத் தட்ட உதவும், உள்ளே போனபின் பார்க்கிறது நீங்கள் செய்ததை. கிட்ஹப் பேஜஸ் என்ற தளத்தில் காசில்லாமல் பக்கத்தை ஏற்றி, விண்ணப்பத்தில் அந்த இணைப்பைப் போடுங்கள்.

இங்கிலிஷ் பற்றிச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன், வேண்டும். ஆனால் பேசுகிற இங்கிலிஷ் அல்ல முதலில் வேண்டியது, பிழைச் செய்தியை வாசித்து விளங்குகிற இங்கிலிஷ். சிவப்பில் வரும் அந்த வரியைப் பார்த்ததும் மூடிவிடாமல் சொல் சொல்லாக வாசியுங்கள், திரும்பத் திரும்ப அதே நூறு இருநூறு சொல்தான் வரும். சிங்களம் தெரிந்தால் அதுவும் கைகொடுக்கும், கொழும்பில் வேலைக்குச் சேர்ந்தால் பக்கத்து மேசையில் பேசுவது பெரும்பாலும் அதுதான்.

சாட்ஜிபிடியே எழுதித் தருகிறதே, இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வேண்டுமா?
– கொட்டகலை வாசகர்

எழுதித் தரும், நன்றாகவே தரும். தந்ததில் 128 வந்தால் அது பிழை என்று கண்டுபிடிக்கிற ஆள் நீங்கள்தான். படிக்கிற காலத்தில் அதனிடம் கோட் கேட்காதீர்கள், நீங்கள் எழுதியதைக் கொடுத்து ஏன் ஓடவில்லை என்று கேளுங்கள், அதைச் சும்மா இருக்கிற ஒரு டியூஷன் மாஸ்டராகப் பாவியுங்கள். சொன்ன விளக்கத்தை ஒரு தரம் நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

பாடசாலைப் பிள்ளைகளின் பெயர்ப் பதிவுக்கு ஒரு பக்கம் செய்தேன். பெயருக்கு 12 எழுத்து போதும் என்று வைத்தால் எட்டெழுத்துப் பெயர்கூட வெட்டுப்படுகிறது. தமிழ் எழுத்தில் மட்டும் ஏன் இப்படி?
– ஓர் ஆசிரியை, பதுளை

நல்ல கேள்வி டீச்சர், தமிழில் செய்கிற ஒவ்வொருவரும் சந்திக்க வேண்டியது. நாம் ‘கி’ என்று ஓரெழுத்தாகப் பார்ப்பதை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற பொதுத் தரமான யுனிகோட் க ஒன்று, இகரக் குறி ஒன்று என்று இரண்டாக வைத்திருக்கிறது, புள்ளியும் தனியாக ஒன்று. கிருஷ்ணமூர்த்தி என்பது நமக்கு எட்டெழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு 15. ஆகவே 12 இல் வெட்டினால் ‘கிருஷ்ணமூர்த’ என்று நின்றுவிடும். எழுத்தை எண்ண ‘இன்ட்ல் செக்மென்டர்’ என்ற வசதியைப் பாவியுங்கள், அது நாம் எண்ணுகிற மாதிரி எட்டு என்று சொல்லும். பெயர்ப் பெட்டிக்கு எல்லையே வைக்காமல் விடுவது இன்னும் நல்லது, நம் பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயரும் சேர்ந்து வரும்.

பட்டியலை அகர வரிசையில் அடுக்கும்போதும் சும்மா ‘சோர்ட்’ போட்டுவிடாதீர்கள். யுனிகோட் எண் வரிசையில் ஜ என்ற எழுத்து ச வுக்கு அடுத்து நிற்கிறது, ஆகவே ஜெயா எல்லாம் தேவிக்கு முன்னால் வந்துவிடுவார்கள். ‘லொகேல் கொம்பெயர்’ இல் மொழியைத் தமிழ் என்று கொடுத்தால் கிரந்த எழுத்துகள் கடைசிக்குப் போகும்.

பழைய பெயர்ப் பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதாக இருந்தால் அப்படியே ஒட்ட வேண்டாம். பாமினியில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துருதான் தமிழாகக் காட்டுகிறது, பக்கத்தில் ஒட்டியதும் ஆங்கிலக் குப்பையாக விரியும். இணையத்தில் பாமினியை யுனிகோடுக்கு மாற்றித் தருகிற கருவிகள் இருக்கின்றன, ஒரு வகுப்பின் பட்டியலை மட்டும் முதலில் மாற்றி, பதிவேட்டோடு ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்துவிட்டு மற்ற வகுப்புகளைச் செய்யுங்கள்.